அரை நாள் இளையவள்

பத்தரை மணி அடித்தது. சங்கரகோமதி பரீட்சைக்கூடத்தின் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். இனித் தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது என்பது பல்கலைக்கழகத்து விதி. அப்படி எவனும் வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பாஸாக வேண்டும் என்று நினைத்தவன் வந்து உட்கார்ந்திருக்கிறான், நினைக்காதவன் வீட்டில் குப்புறப்படுத்துத் தூங்குகிறான். ஒரு மணி வரைக்கும் நடக்க வேண்டும். போன் கூடாது, அதைக் கீழே அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். புத்தகம் கூடாது. உட்காரவும் கூடாது. அந்தக் கோடியில் ஜெயசீலி நடக்கிறாள், இந்தக் கோடியில் இவள். இரண்டு பேரும் இந்த அரசுக் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம். இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் எந்த அறையில், எந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கண்டுபிடித்தானோ, அவனுக்கு நல்ல சாப்பாடு கிடைத்திருக்கும் அன்றைக்கு. தற்காலிகம் என்று எழுத வெட்கப்பட்டுக் கௌரவம் என்று எழுதியிருக்கிறான். கையில் மிச்சமிருந்த வினாத்தாளை அவள் விசிறிக்கொண்டாள். இன்றைக்கு அவள் பாடம்தான். மூன்றாம் பகுதியில், ஒரு சொல்லில் எழுதுக: பத்து ஆண்டுகள் கொண்ட காலம். நூறு ஆண்டுகள் கொண்ட காலம். பதினான்கு நாட்கள் கொண்ட காலம். தொண்டை வற்ற நடத்தியது. மூன்றாம் பெஞ்சுப் பெண் பத்து ஆண்டுக்கு நேராக டெக்கேட் என்று எழுதாமல் செஞ்சுரி என்று எழுதியிருக்கிறாள். பத்து வருடம் அவளுக்கு நூறு வருடம். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

ஃபோர்ட்நைட் என்றால் பதினான்கு இரவு என்று நடத்திய அன்று கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "மேடம், ராத்திரிய மட்டும்தான் எண்ணுவாங்களா, பகல்ல என்ன செய்வாங்க" என்று கேட்டான், வகுப்பே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, நல்ல கேள்வி. அந்த ஊரில் இருட்டும் குளிரும்தான் அதிகம், அதனால் இரவை எண்ணினார்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். பகலெல்லாம் இங்கே வந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை. வெள்ளைக்காரன் போய்விட்டான், காலத்துக்கு அவன் வைத்த பெயர்களை மட்டும் விட்டுவிட்டுப் போனான். அவை இங்கே ஆளுக்கொரு நீளத்தில் அலைகின்றன. ஆங்கிலத்தில் விரைவில் என்கிற சூன் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் உடனே என்றுதான் அர்த்தம். சொன்னவன் எவனும் உடனே செய்யவில்லை. அவனவன் செய்த தாமதத்தில் வார்த்தை தேய்ந்து தேய்ந்து, பிறகு பார்க்கலாம் என்றாகிவிட்டது. ஒரு சொல்லையே கெடுத்துவிட்டார்கள் பாவிகள். செமஸ்டர் என்றால் ஆறு மாதம் என்று அகராதி சொல்கிறது, இங்கே மூன்று மாதம் நடத்தினால் பெரிய விஷயம். இயர் என்றால் பன்னிரண்டு மாதம், ஆனால் அவளுக்கும் ஜெயசீலிக்கும் பதினொன்று. ஒவ்வொரு ஏப்ரல் முடிவிலும் பணியிலிருந்து விடுவித்துவிடுவார்கள், மே மாதம் அவர்கள் யாரும் இல்லை, ஜூனில் மறுபடி முளைப்பார்கள். அதற்குப் பெயர் பிரேக். கண்ணாடி டம்ளர் உடைகிற மாதிரி ஒரு சொல். பதிமூன்று வருடமாக வருடத்துக்கு ஒரு முறை உடைந்து, வருடத்துக்கு ஒரு முறை ஒட்டிக்கொண்டு, இதோ இந்தக் கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறாள். கூட்டிப் பார்த்தால் டெக்கேட் தாண்டிவிட்டது. ஆனால் யாரும் கூட்டக்கூடாது, கூட்டினால் பணி நிரந்தரம் கேட்பார்கள் என்று பயம். அதற்காகத்தான் அந்த மே மாதம்.

ஜன்னல் பக்கம் ஒருவன் பக்கத்தில் இருப்பவனின் தாளைப் பார்த்து எழுதுகிறான். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான், பேனாவை வாயில் வைத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தான். பாரப்பா, அங்கேதான் எழுதி வைத்திருக்கிறது. எவனைப் பார்த்து எழுதுகிறான் என்றாவது யோசிக்க வேண்டாமா, அவன் இவனைவிட மக்கு. அவள் நகர்ந்தாள். அவளுடைய நியமன ஆணையில் ஒரு வரி உண்டு, அன்டில் ஃபர்தர் ஆர்டர்ஸ். மறு உத்தரவு வரும் வரை. ஆங்கிலத்தில் காலத்தைக் குறிக்க எத்தனையோ சொல் இருக்கிறது, இவ்வளவு மோசமான சொல் வேறு கிடையாது. ஒரு நிமிஷமும் அதற்குள் அடங்கும், ஒரு ஆயுளும் அடங்கும். அதைக் கொடுத்துவிட்டுத்தான் போய்ச் சம்பாதி, பிள்ளை பெறு, பிள்ளையைப் படிக்க வை என்று அனுப்பினார்கள். இன்றைக்கு அந்த மறு உத்தரவு வந்துவிட்டது. டாக்டர் நளாயினி என்று ஒரு நிரந்தரப் பேராசிரியர் இடமாறுதல் வாங்கிக்கொண்டு இன்று இந்தத் துறையில் சேருகிறார். அவர் வந்தால் ஒரு கௌரவ விரிவுரையாளர் போக வேண்டும், இருவரில் யார் பணியில் இளையவரோ அவர். நேற்று முதல்வர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "ரூல்படிதான் மேடம், நான் என்ன செய்ய முடியும்?" அவர் கண்ணாடியை எப்போது துடைத்தாலும் யாருக்கோ ஏதோ போகப்போகிறது என்று அர்த்தம். இவளும் ஜெயசீலியும் சேர்ந்தது ஒரே வருடம், ஒரே மாதம், ஒரே நாள். ஆனால் பணியில் சேர்ந்த அறிக்கையில் ஜெயசீலியின் பெயருக்கு எதிரே எஃப்.என். என்று இருக்கிறது, முற்பகல். இவள் பெயருக்கு எதிரே ஏ.என்., பிற்பகல். அலுவலகத்துக்கு உச்சிவேளை பன்னிரண்டு மணியோடு முற்பகல் முடிந்தது. இதே கல்லூரியில் இதே பல்கலைக்கழகத்துப் பரீட்சைக்கு மட்டும் ஒரு மணி வரைக்கும் எஃப்.என்., பிள்ளைகள் விடைத்தாளில் அப்படித்தான் எழுத வேண்டும். ஆளுக்கேற்ற முற்பகல். அரை நாள் இளையவள் அவள். அந்த அரை நாளில் பதிமூன்று வருடமும் போகப்போகிறது.

அந்த அரை நாள் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும், கீழே போய்க் காட்டச் சொன்னால் காட்டுவாள். வாசலுக்கு உள்ளே, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், தூங்குமூஞ்சி மரத்தின் அடியில். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. சாத்தூரிலிருந்து வந்த பஸ் வழியில் டயர் மாற்றி வந்து சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. கூட வந்த குமரேசன், அவள் புருஷன், வாசலில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். கல்யாணமாகி அதுவரை தெருவில் ஒரு நாளும் கையைப் பிடித்ததில்லை, அன்றைக்குத்தான் பிடித்தான். "ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு. பன்னண்டுக்கு மேல போய்க் கையெழுத்துப் போடு." அலுவலகத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மேஜையில் பேனா இருக்கிறது, கதவு திறந்து கிடக்கிறது, அவள் மரத்தடியில் நிற்கிறாள். இடுப்பில் சொருகிய கைக்குட்டை வியர்வையில் ஊறிவிட்டது. அப்போது கழுத்தில் சிலுவைச் சங்கிலியும் கையில் பையுமாக ஒருத்தி வந்தாள், "நீங்களும் இங்கிலீஷுக்கா? வாங்கக்கா, ரெண்டு பேரும் சேந்தே போட்ருவோம்" என்றாள். ஜெயசீலிக்கு ராகு காலம் கிடையாது, கர்த்தர் எல்லா நேரத்தையும் நல்ல நேரமாகத்தான் கொடுத்திருந்தார். கோமதி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். குமரேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நீங்க போங்க, இந்தா வந்துர்றேன்" என்று சொன்னாள். அவள் சொன்ன அந்த இந்தா ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு அடித்த பிறகு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டபோது கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பெயருக்கு எதிரே இரண்டு எழுத்தைப் போட்டான். வெளியே வந்ததும் குமரேசன் சந்தோஷமாக இருந்தான். நல்ல நேரத்துல சேந்திருக்க, இனி உன்ன எவனும் அசைக்க முடியாது என்று சொல்லி, பஸ் நிலையத்தில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான். இவளும் குடித்தாள், இஞ்சி போட்டு நன்றாகத்தான் இருந்தது.

எவனும் அசைக்க முடியாது. இன்று காலையிலும் அவன் நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இன்னைக்குப் பத்தரைக்கு மேல யார்ட்டயும் எதுவும் கேட்டுக்கிடாத. பன்னண்டுக்கு மேல போயி பிரின்சிபால்ட்ட பேசு." அவள் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். பேசினால் ஊசி வேறெங்காவது ஏறும். பதிமூன்று வருடத்தில் ஒரு நாளாவது அந்த மரத்தடியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா? அவனுக்கு ஞாபகமே கிடையாது, அவன் நல்லது செய்தவன். நல்லது செய்தவர்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கடையில் அவன் வாயில் வருகிற ஆங்கிலம் இரண்டே இரண்டு சொல், டூ மினிட்ஸ். வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்வான். மெஷின் சூடேற டூ மினிட்ஸ், இங்க் தீர்ந்துபோனால் டூ மினிட்ஸ், பக்கத்துக் கடையில் டீ குடிக்கப் போகும்போது கதவில் தொங்கவிடுகிற அட்டையிலும் அதுதான். இந்த ஊரே அப்படித்தான். டாக்டர் வீட்டில் டூ மினிட்ஸ், ரேஷன் கடையில் டூ மினிட்ஸ், பிணத்தை எடுக்கிற வீட்டில்கூட ஒருவன் வந்து மூத்த மகன் வழியில் இருக்கிறார், டூ மினிட்ஸ் என்கிறான். தமிழில் இரண்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டால் எவனாவது கடிகாரத்தைப் பார்த்துவிடுவான், அதனால்தான் ஆங்கிலம். நேற்று ராத்திரி குமரேசன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், போனாப் போகட்டும், டெம்பரரி வேலதான, கடையில ஆள் இல்லாம நானும் கஷ்டப்படுதேன். கல்லூரியிலிருந்து விடுவிப்பார்கள் என்பதுவரைதான் அவள் பயந்திருந்தாள், அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நினைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் இருக்கிறது. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, மை வாசனையில், வருகிறவர்களிடம் டூ மினிட்ஸ் சொல்லிக்கொண்டு, காலையிலிருந்து இரவு கடை அடைக்கும் வரை அவன் பக்கத்தில். அது டெம்பரரி இல்லை. அவள் ஆயுளில் முதல் பெர்மனென்ட் போஸ்டிங் அது. நாற்பத்தாறு வயதில் வேறு எந்தக் கல்லூரிக்காரன் சேர்ப்பான்? காலையில் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பதினொன்று அடித்தது. ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கினாள், கோமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். இந்தக் கையெழுத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் மதிப்பு என்று ஒரு நினைப்பு வந்தது, அதைத் தள்ளினாள், மறுபடி வந்தது. கூடத்தின் நடுவில் வரும்போதெல்லாம் ஜெயசீலியும் எதிரே வந்தாள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். பத்து மணியிலிருந்து இதுதான் நடக்கிறது. ஜெயசீலி ஒரு வார்த்தை பேசட்டும் என்று இவள் காத்திருக்கிறாள். என்ன வார்த்தை என்று கேட்டால் தெரியாது. நான் போறேன்க்கா என்று சொல்வாளா? சொல்ல மாட்டாள், சொல்லவும் கூடாது, அவளுக்குப் படுக்கையில் விழுந்த மாமனார் இருக்கிறார், பொறியியல் படிக்கிற மகன் இருக்கிறான். நீங்க அன்னைக்குக் காலையிலயே வந்துட்டீங்க, நான் பாத்தேன், பிரின்சிபால்ட்ட சொல்றேன் என்றாவது? ஆனால் அதனால் என்ன? மரத்தடியில் நின்றதற்கு எந்த அலுவலகத்தில் எஃப்.என். போடுவார்கள்? இருந்தாலும் சொல்லலாம். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறார்கள், இவள் மகளுக்கு அம்மை போட்டபோது அவள்தான் இவள் வகுப்பையும் சேர்த்து எடுத்தாள், மே மாதங்களில் இருவரும் ஒன்றாக உடைந்து ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை. நடுவில் மறுபடி சந்தித்தார்கள். ஜெயசீலி நின்றாள். பிள்ளைகள் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் ரகசியமாகச் சொன்னாள். "ஒரு செமஸ்டர்தானக்கா. அடுத்த செமஸ்டர்ல எப்படியும் ஒரு வேகன்சி வரும். வந்துருவீங்க." கோமதி தலையாட்டினாள். வந்துருவீங்க. அப்படியென்றால் போய்விட்டாள், ஜெயசீலி இவளை ஏற்கனவே அனுப்பிவிட்டாள், டாட்டா காட்டி முடித்துவிட்டுத் திரும்ப வருவதைப் பற்றிப் பேசுகிறாள். பைபிள் வாசிக்கிற வாயில் எவ்வளவு லேசாக வருகிறது இந்த செமஸ்டர். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்பாளே, அந்தக் குரல். அவளும்தான் என்ன செய்வாள், வேறு என்ன சொல்வாள் என்று மனதின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலையைக் கோமதி மதிக்கவில்லை. கூடத்தில் இருந்த எல்லோரையும் அந்த நேரத்தில் அவளுக்குப் பிடிக்கவில்லை. உத்தரத்தைப் பார்க்கிறவனையும், செஞ்சுரி எழுதியவளையும், சுவரில் இருந்த பல்லியையும்.

ஜன்னலுக்குப் போனாள். மாடியிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும், மரமும் தெரியும். மரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. டிரைவர் இடத்தில் ஒரு ஆள், பக்கத்தில் பட்டுச்சேலையில் ஒரு அம்மாள், மடியில் கைப்பை. வந்துவிட்டாள் மகராணி. சொந்த ஊருக்குப் பக்கம் என்று மாறுதல் கேட்டு வாங்கியவள். இவளுக்குப் பக்கம் என்றால் எனக்கு வீதி. வந்தவள் இறங்கிப் போய்ச் சேர வேண்டியதுதானே, என்ன காருக்குள் உட்கார்ந்து ஏசி காற்று வாங்குகிறாள் என்று நினைத்தாள், நினைக்கும்போதே காரின் கதவு கொஞ்சம் திறந்தது. சேலையின் சரிகை வெளியே தெரிந்தது, ஒரு கால் தரைக்கு வரப் பார்த்தது. உள்ளிருந்த ஆள் ஏதோ சொன்னார். மணிக்கட்டைத் திருப்பி, கண்ணாடிக்கு நேரே தூக்கி, கடிகாரத்தைக் காட்டினார். கால் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. கோமதி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொண்டைவரை வந்த சிரிப்பைப் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்களே என்று இருமலாக மாற்றினாள். முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறாள், நிரந்தரம், அரசாங்கத்துச் சம்பளம், ஏசி கார், அத்தனையும் இருந்தும் அதே மரத்தடி. உட்காரட்டும். நன்றாக உட்காரட்டும். பன்னிரண்டு அடித்த பிறகு நல்ல நேரத்தில் வலதுகாலை எடுத்துவைத்துப் போய்க் கையெழுத்துப் போடட்டும், அவள் பெயருக்கு எதிரேயும் அந்த இரண்டு எழுத்து விழட்டும். நிரந்தரக்காரர்களுக்கும் அது உண்டு, என்றைக்காவது குறுக்கே வந்து நிற்கும். இயற்பியல் துறையில் இரண்டு பேர் துறைத்தலைவர் நாற்காலிக்காக உன் எஃப்.என்., என் ஏ.என். என்று கோர்ட்டுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. கோமதிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, லாபம்தான். அந்த அம்மாள் பிற்பகலில் சேர்ந்தால் இவளையும் பிற்பகலில்தான் விடுவிப்பார்கள். இன்று ஒரு நாள், முழு நாள், அவள் இந்தக் கல்லூரியின் ஆள். பரீட்சையைக் கௌரவமாக முடித்துவிட்டுப் போகலாம். கார் கதவு மறுபடி திறந்தது. இந்தத் தடவை கை மட்டும் வெளியே வந்தது. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இறங்கவும் இல்லாமல், உள்ளே போகவும் இல்லாமல், அப்படியே இருந்தது. வளையல் போட்ட கை. கோமதி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த அம்மாளுக்குத் தெரியும், இத்தனை வருடச் சர்வீஸில் அந்த இரண்டு எழுத்து என்ன செய்யும் என்று தெரியாமல் இருக்காது. தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறாள். அதுதான் தாங்கவில்லை. தெரியாமல், இந்தா வந்துர்றேன் என்று சொல்லிவிட்டு நிற்பது வேறு, தெரிந்தே உட்கார்ந்திருப்பது வேறு. பதினொன்றரை மணி அடித்து வெகு நேரமாகிவிட்டது. கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஜெயசீலி, பாத்துக்க. டூ மினிட்ஸ்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்று அவளுக்கு உறைத்தது. திருத்த நேரமில்லை. படிகளில் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், வெயில் முகத்தில் அடித்தது, செருப்புக்குள் மண் சுட்டது, இதென்ன பைத்தியக்காரத்தனம், எவளோ ஒருத்தி, என் இடத்துக்கு வருகிறவள், என்னை ஸ்டூலில் உட்கார வைக்க வருகிறவள், அவளுக்கு நான் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடப் போகிறேனா, திரும்பிப் போ என்று ஒரு மனது சொல்லிக்கொண்டே வந்தது. கால்கள் காதில் வாங்கவில்லை. கார் கண்ணாடியை விரலால் தட்டினாள். அந்த ஆள் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. குமரேசனுக்கு அண்ணன் என்று சொன்னால் நம்பலாம்.

"டாக்டர் நளாயினி மேடம்தானே? பிரின்சிபால் உடனே வரச் சொன்னாரு."

முதல்வர் அப்படி எதுவும் சொல்லவில்லை. முதல்வர் தன் அறையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"பன்னண்டுக்கு மேல வர்றோம்னு சொல்லிருங்கம்மா," என்றார் அந்த ஆள். "கொஞ்ச நேரம்தான். வெள்ளிக்கிழம பாருங்க."

"அவரு யுனிவர்சிட்டிக்குக் கிளம்பிக்கிட்டு இருக்காரு சார். போயிட்டாருன்னா அப்புறம் திங்கக்கெழமதான்." பொய் எவ்வளவு சுலபமாக, எவ்வளவு அலுவலகமாக வருகிறது. "கையெழுத்தெல்லாம் அப்புறம் நல்ல நேரத்துல போட்டுக்கிடலாம். சும்மா பாத்துட்டு வந்துரட்டும். டூ மினிட்ஸ் சார்."

அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்கு மறுப்புச் சொல்ல அவருக்கும் வழி தெரியவில்லை, எவனுக்குத் தெரியும். "சரி, பாத்துட்டு மட்டும் வா. எதுலயும் கையெழுத்துப் போட்றாத" என்றார். அதற்குள் அந்த அம்மாள் இறங்கிவிட்டாள், பட்டுச்சேலை கார் கதவில் மாட்டியதைக்கூட நின்று எடுக்கவில்லை, இழுத்துக்கொண்டே வந்தாள். இருவரும் வேகமாக நடந்தார்கள். கிட்டத்தில் பார்த்தால் கோமதி வயதுதான் இருக்கும், முகத்தில் பவுடர் வியர்வையில் வரி வரியாகக் கோடு போட்டிருந்தது.

"பிரின்சிபால் நெசமாவே கூப்பிட்டாரா?" என்றாள் பாதி வழியில், மூச்சு வாங்க.

"இல்ல மேடம். நேரா ஆபீசுக்குப் போங்க. வலது பக்கம் முதல் ரூம். கிளார்க் மேஜையிலயே பேனா இருக்கும். முதல்ல கையெழுத்தப் போடுங்க, அப்புறம் யாரையும் பாருங்க."

நளாயினி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நடந்தாள். "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"உங்க டிபார்ட்மென்ட்தான். இங்கிலீஷ்."

"பெர்மனென்ட்டா?"

எல்லோரும் கேட்கிற கேள்வி. கல்யாண வீட்டில் பார்த்தவர்களிலிருந்து வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் வரைக்கும் கேட்டாயிற்று, இவள் மட்டும் ஏன் கேட்காமல் இருக்க வேண்டும்?

"பன்னண்டு மணி வரைக்கும்" என்றாள் கோமதி.

அந்த அம்மாளுக்குப் புரிந்ததா என்று நின்று பார்க்கவில்லை. அலுவலக வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, நிலைப்படியில் அவள் தயங்கியபோது முதுகில் லேசாகக் கைவைத்து உள்ளே தள்ளினாள் என்றே சொல்ல வேண்டும், பிறகு படியேறினாள். முட்டி வலித்தது. என்னத்தைச் சாதித்துவிட்டாய் என்று கேட்டுக்கொண்டாள். தியாகம் என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பாள். அந்தக் கார்க்காரன் முகம் இன்னும் கொஞ்ச நேரத்தில் எப்படிப் போகும் என்று நினைத்தபோது மட்டும் மனது கொஞ்சம் ஆறியது. அது போதும். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மரத்தடிக்கு ஒருத்தி இப்படிப் பொய்யோடு வந்திருந்தால்? நல்லவர்கள்தான் வந்தார்கள், உண்மையோடு வந்தார்கள், வாங்கக்கா என்று அன்பாகக் கூப்பிட்டார்கள், அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை. நடைபாதையில் பாதி வந்தபோது கீழே பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. அவள் நின்றாள். ஒவ்வொரு அடியும் இரும்பில் விழுந்து, அதிர்ந்து, அடுத்த அடி வரும் வரைக்கும் காதில் நின்றது. கடைசி அடியின் சத்தம் தேய்ந்து போன பிறகும் அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். உடம்பில் எதுவும் மாறவில்லை, முட்டி அதே முட்டிதான். ஆனால் கணக்குப்படி இப்போது அவள் இந்தக் கல்லூரியில் யாரும் இல்லை. வெளியார் பரீட்சைக்கூடத்துக்குள் நுழையக்கூடாது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

"எங்கக்கா போனீங்க?" என்று ஜெயசீலி உதடு அசையாமல் கேட்டாள். அவள் கண்கள் சிவந்திருந்தன, மூக்கை உறிஞ்சினாள். இவள் வருவதற்குள் அழுதிருக்கிறாள், கழுதை. ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை, அழமட்டும் தெரிகிறது. கோமதிக்கு அவளைத் திட்டவும் வேண்டும்போல் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது, பரீட்சைக்கூடத்தில் இரண்டுமே கூடாது. தன் கோடிக்கு நடந்தாள். உத்தரத்தைப் பார்த்தவன் இப்போது மும்முரமாக எழுதுகிறான், எங்கிருந்து வந்ததோ. செஞ்சுரிக்காரி செஞ்சுரியை அடித்துவிட்டு டெக்கேட் என்று எழுதியிருந்தாள். பரவாயில்லை. பிந்தினாலும் அவளுக்குப் பத்து வருடம் பத்து வருடமாகவே இருக்கட்டும்.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. ஃபோர்ட்நைட் பையன். இத்தனை நேரமும் விடைத்தாளின் முதல் பக்கத்தை நிரப்பாமலே எழுதிக்கொண்டிருந்திருக்கிறான், பதிவு எண் இல்லை, தேதி இல்லை. அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக நின்றாள். அவன் அவசர அவசரமாக எழுதிக்கொண்டு வந்து ஒரு கட்டத்தில் நிறுத்தினான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், பன்னிரண்டு தாண்டியிருந்தது. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டான்.

"மேடம், இப்ப எஃப்.என்.னா, ஏ.என்.னா?"

அவள் குனிந்து, அவன் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். கண்காணிப்பாளர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில் தன் முழுப்பெயரையும் எழுதினாள், ஒரு எழுத்தும் சுருக்காமல்.

"எஃப்.என்.தான். ஒரு மணி வரைக்கும் எஃப்.என்.தான். எழுது."